பட் வெல்டை அல்ட்ராசோனிக் முறையில் சோதிப்பது: தாளில் தொடங்கி ரிப்போர்ட் வரை

கார்பன் ஸ்டீல் பிளேட்டில் போட்ட, முழு ஊடுருவல் உள்ள பட் வெல்டை (இரு பிளேட்டின் விளிம்புகளை நேருக்கு நேர் இணைப்பது), கையால் நகர்த்தும் கோண புரோப்பை (ஒலியைச் சாய்வாக அனுப்பி எதிரொலியை வாங்கும் உணரி) வைத்துச் சோதிப்பது பற்றிய வழிகாட்டி இது. கணக்கெல்லாம் ஒரே உதாரணத்தை வைத்து ஓடும்: 20 மி.மீ. பிளேட், ஒற்றை வி தயாரிப்பு (விளிம்புகளை வி வடிவில் சீவியது), பக்கத்துக்கு 30 டிகிரி சரிவு, ரூட் (வி-யின் அடி முனை) இடைவெளி 3 மி.மீ. பிளேட் 8 மி.மீ.க்குக் கீழே என்றால் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

புதிதாக வருபவர்கள் திரையில் எதிரொலி எழுந்த உடனே "இது கிராக்கா, ஸ்லாக்கா?" (விரிசலா, உள்ளே சிக்கிய கசடா) என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். எதிரொலி வெல்டின் குறுக்குவெட்டில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் அதற்குப் பெயர் வைக்க முடியாது. கீழே உள்ள படிகளில் முக்கால்வாசி அந்த இடத்தைச் சரியாகச் சொல்வதற்கான ஏற்பாடுதான்.

1. முதலில் தாள்கள்

வெல்டின் தயாரிப்பு வரைபடம், பிளேட் கனம், பொருளின் தரம், வெல்டிங் முறை ஆகிய நான்கும் கையில் இல்லாமல் புரோப்பைத் தொடாதீர்கள். சரிவுக் கோணம் தெரியாமல் புரோப் கோணத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வெல்டிங் முறை தெரிந்தால் என்ன குறை வரலாம் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். கேஸ் கவசம் கொண்ட வயர் வெல்டிங்கில் பக்கச்சுவர் (சீவிய விளிம்பின் முகம்) ஒட்டாமல் போவது அதிகம். கோட்டிங் உள்ள ராடில் ஸ்லாக் சிக்குவது அதிகம்.

அடுத்து, எந்த விதியின்படி சோதனை, எந்த விதியின்படி ஏற்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.ஓ. வழியில் சோதனை முறைக்கு 17640, ஏற்பு அளவுக்கு 11666, குறையின் தன்மையைப் பிரிக்க 23279 என்று தனித்தனித் தாள்கள் உண்டு. பிரஷர் வெசல் வேலையில் ஏ.எஸ்.எம்.இ. கோடின் ஐந்தாம் பகுதி சோதனை முறையைச் சொல்லும். ஒன்றின் முறையையும் இன்னொன்றின் ஏற்பு அளவையும் கலந்துவிட்டால் ரிப்போர்ட் எங்குமே நிற்காது.

2. கண், காந்தம், காத்திருப்பு

அல்ட்ராசோனிக்குக்கு முன்னால் கண் சோதனை. ஐ.எஸ்.ஓ. 17637 குறைந்தது 350 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது. 500 இருந்தால் நல்லது. கண் பரப்பிலிருந்து 600 மி.மீ.க்குள், 30 டிகிரிக்குக் குறையாத சாய்வில் இருக்க வேண்டும். அண்டர்கட் (வெல்டு ஓரப் பள்ளம்), கேப்பின் (மேலே மேடாக நிற்கும் வெல்டு) உயரம், விளிம்புத் தப்பு (இரு பிளேட்டும் ஒரே மட்டத்தில் இல்லாதது) எல்லாம் இங்கேயே பதிவாக வேண்டும். ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் பின்னால் திரையில் எதிரொலியாக வந்து குழப்பும்.

பிறகு காந்தத் துகள் சோதனை. பரப்பை ஒட்டிய மெல்லிய விரிசலை அது கோண புரோப்பைவிட எளிதாகப் பிடிக்கும். அதை முடித்த பிறகு துகளையும் வெள்ளைப் பூச்சையும் துடைத்தெடுங்கள்.

வெல்டு ஆறியவுடன் சோதிக்கலாமா என்பது ஸ்டீலைப் பொறுத்தது. உயர் வலிமை ஸ்டீலில் ஹைட்ரஜன் விரிசல் வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூடத் திறக்கும். அதனால்தான் அத்தகைய தரங்களுக்கு 48 மணி நேரக் காத்திருப்பைப் பல விதிகள் கேட்கின்றன. அவசரம் என்று முன்னதாகச் சோதித்துக் கொடுத்த "சரி" மறுநாளே பொய்யாகலாம்.

3. நடுக்கோட்டைக் குறித்துவிடுங்கள்

இதைப் பலரும் தாவிவிடுகிறார்கள். வெல்டிங்குக்கு முன்பே தயாரிப்பு விளிம்பிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில், உதாரணமாக 100 மி.மீ.யில், இரு பிளேட்டிலும் மெல்லிய பஞ்ச் குறி வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சுருக்கத்தைப் பிறகு கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

குறி இல்லாவிட்டால் கேப்பின் நடுவை வெல்டின் நடு என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கேப் எப்போதும் ரூட்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்காது, 3 மி.மீ. நகர்ந்திருப்பது சகஜம். அந்த 3 மி.மீ. போதும், பக்கச்சுவர்க் குறையை வெல்டுக்கு நடுவில் இருக்கும் ஸ்லாக் என்று எழுத வைக்க. கேப்பை கிரைண்ட் செய்து தட்டையாக்கிய வெல்டில் நடுக்கோடு அடியோடு தொலைந்துவிடும். அப்போது பரப்பை மெருகேற்றி ஆசிட் தடவி எல்லையைத் தெரியவைப்பது ஒரு வழி.

நீளவாக்கில் தொடக்கப் புள்ளி எது, எந்தத் திசையில் அளப்பது, எது பக்கம் ஒன்று, எது பக்கம் இரண்டு என்பதையும் பிளேட்டிலேயே எழுதுங்கள். ரிப்பேர் செய்பவர் உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டுதான் கிரைண்டரை இறக்குவார்.

4. பரப்பும் கப்ளண்டும்

வெல்டின் இரு பக்கமும் எவ்வளவு அகலம் சுத்தமாக வேண்டும்? முழு ஸ்கிப் தூரமும் புரோப்பின் நீளமும் சேர்த்து. முழு ஸ்கிப் தூரம் என்பது பீம் (ஒலிக்கற்றை) அடியில் மோதி மீண்டும் மேற்பரப்புக்கு வரும்வரை கடக்கும் தரைத் தூரம், அதாவது 2 × கனம் × டேன் கோணம்; அதில் பாதி அரை ஸ்கிப். 20 மி.மீ. பிளேட்டில் 70 டிகிரிக்கு அது சுமார் 110 மி.மீ. புரோப்பையும் சேர்த்தால் பக்கத்துக்கு 130-லிருந்து 140 மி.மீ. வரை.

அந்த அகலம் முழுவதும் வெல்டிங் தெறிப்பு, துரு, உரியும் பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. புரோப்பின் அடியில் 0.5 மி.மீ.க்கு மேல் இடைவெளி வந்தால் பீம் உள்ளே போவது தள்ளாடும். உறுதியாக ஒட்டியிருக்கும் சீரான பெயின்ட்டைச் சில சமயம் அனுமதிப்பார்கள். ஆனால் அதே பெயின்ட்டோடு சென்சிட்டிவிட்டியைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

கப்ளண்டாக (புரோப்புக்கும் பிளேட்டுக்கும் இடையில் காற்றை விலக்கும் பூச்சு) செல்லுலோஸ் பேஸ்ட், எண்ணெய், கிரீஸ் எது வேண்டுமானாலும் சரி. கேலிபரேஷனுக்கும் வேலைக்கும் ஒன்றையே பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

5. புரோப்பைத் தேர்ந்தெடுப்பது

ஸ்டீலில் குறுக்கலையின் (கோண புரோப் அனுப்பும், போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை) வேகம் நொடிக்கு சுமார் 3,240 மீட்டர். 4 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.8 மி.மீ. சொச்சம், 2 மெகாஹெர்ட்ஸில் 1.6. அலைநீளத்தில் பாதி அளவுள்ள குறை வரை பார்க்க முடியும் என்பது தோராயக் கணக்கு. எனவே 20 மி.மீ. பிளேட்டுக்கு 4 மெகாஹெர்ட்ஸ் பொருத்தம். கனம் மிக அதிகமானாலோ, உலோக மணிகள் (படிகங்கள்) பெருத்த பொருளானாலோ 2-க்கு இறங்க வேண்டியிருக்கும்.

கோணத்துக்கு ஒரு விதி இருக்கிறது. பக்கச்சுவரின் மேல் பீம் செங்குத்தாக மோத வேண்டும். அதற்கு 90 கழித்தல் சரிவுக் கோணம். நம் உதாரணத்தில் 90 கழித்தல் 30, அதாவது 60 டிகிரி. புரோப் இருக்கும் பக்கத்துச் சுவரில் இது கீழே மோதித் திரும்பி மேலேறும் இரண்டாம் காலில்தான் நடக்கும் (கீழிறங்குவது முதல் கால்). சுவர் மேல்நோக்கி விரிவதால், மேலேறும் பீம்தான் அதற்கு நேர் எதிராக வரும்.

சரி, ரூட்டுக்கு? "60 கையில் இருக்கிறதே, அதையே வைக்கலாம்" என்றுதான் புதியவர்கள் நினைக்கிறார்கள். வேண்டாம். ரூட்டில் ஊடுருவாத விளிம்போ விரிசலோ பிளேட்டின் அடிப்பரப்போடு சேர்ந்து ஒரு மூலையாக நிற்கும். 60 டிகிரியில் வரும் குறுக்கலை அந்தச் செங்குத்து முகத்தில் 30 டிகிரியில் மோதும். ஸ்டீலில் குறுக்கலை நெட்டலையாக (போகும் திசையிலேயே அதிரும் அலை) மாறித் தப்பும் எல்லைக் கோணம் சுமார் 33 டிகிரி. 30 அதற்குள் வருவதால் ஆற்றலில் பெரும்பகுதி நெட்டலையாகி வேறு திசையில் போய்விடும். நல்ல மூலை எதிரொலியைத் தருவது 45 டிகிரி. இரண்டு மோதலும் 45 டிகிரியில் என்பதால் இழப்பே இல்லை.

ஆனால் 45-க்கு இடம் வேண்டும். நம் உதாரணத்தில் அரை ஸ்கிப் 20 மி.மீ. கேப்போ நடுக்கோட்டிலிருந்து 15 மி.மீ. வரை நிற்கிறது. பீம் வெளிவரும் புள்ளிக்கு முன்னால் புரோப்பின் மூக்கு 10 மி.மீ. நீண்டிருந்தால் அது கேப்பில் முட்டிவிடும். எனவே கேப்பைத் தட்டையாக்காத வரை ரூட்டுக்கு 70 டிகிரி. அதன் அரை ஸ்கிப் 55 மி.மீ., இடம் தாராளம். மூலை எதிரொலியில் 45 அளவுக்கு வராது. 60-ஐவிட நிச்சயம் மேல். இந்த வேலைக்கு என் தேர்வு: 0, 60, 70 மூன்றும், கேப் தட்டையானால் 45-ம்.

6. கேலிபரேஷன்: வரிசை மாறக் கூடாது

முதலில் புரோப்பின் பீம் வெளிவரும் புள்ளி. வி1 பிளாக்கின் (கேலிபரேஷனுக்கான, அளவு தெரிந்த ஸ்டீல் கட்டை) 100 மி.மீ. ஆரத்தை நோக்கிப் புரோப்பை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எதிரொலி உச்சத்தில் இருக்கும்போது பிளாக்கின் மையக் குறிக்கு நேரே புரோப்பின் பக்கவாட்டில் கோடு போடுங்கள். தயாரிப்பாளர் பொறித்த கோட்டை நம்ப வேண்டாம். அடிக் கட்டை தேயத் தேய அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, தூர அளவு. கருவியில் வேகத்தைக் குறுக்கலைக்கு மாற்றியாயிற்றா என்று பாருங்கள். 0 டிகிரி புரோப்பை முடித்துவிட்டு நெட்டலை வேகமான 5,920-லேயே விட்டுவிட்டால் எல்லாத் தூரமும் 1.8 மடங்கு நீண்டு தெரியும். வி1-இல் எதிரொலிகள் 100, 200-இல் நிற்க வேண்டும். வி2 என்ற சிறிய பிளாக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 25 மி.மீ. ஆரத்தைப் பார்த்தால் எதிரொலிகள் 25, 100, 175; 50 மி.மீ. ஆரத்தைப் பார்த்தால் 50, 125, 200. திரும்பி வரும் அலை எதிர்ப்பக்க ஆரத்தையும் தொட்டுவிட்டு வருவதால் இடைவெளி எப்போதும் 75. 25, 50, 75 என்று வைத்துவிட்டால் அன்றைய வேலை அத்தனையும் வீண்.

மூன்றாவது, கோணம். முதல் இரண்டும் சரியான பிறகுதான் இதை அளக்க முடியும், ஏனென்றால் கோணத்தை வாசிப்பதே பீம் வெளிவரும் புள்ளியை வைத்துத்தான். 70 என்று எழுதியிருக்கும் புரோப் 72 காட்டினால் 72-ஐயே கணக்கில் போடுங்கள். அந்த 2 டிகிரி சின்ன விஷயமில்லை. இரண்டாம் காலில் பீம் தூரம் 100 மி.மீ. என்றால் 70-க்கு ஆழம் 5.8 மி.மீ. வரும், 72-க்கு 9.1. இந்த 20 மி.மீ. பிளேட்டில் அது வேறு ஒரு வெல்டு அடுக்கு.

வெப்பநிலையும் இங்கேதான் வரும். புரோப்பின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டை சூடானால் அதில் ஒலி மெதுவாகும், ஸ்டீலில் கோணம் கூடும். குளிர் அறையில் கேலிபரேஷன் செய்துவிட்டு வெயிலில் காய்ந்த பிளேட்டுக்குப் போகாதீர்கள். பிளாக்கையும் வேலை நடக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். ஐ.எஸ்.ஓ. 17640 அனுமதிக்கும் பரப்பு வெப்பநிலை 0 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை.

7. சென்சிட்டிவிட்டி

தூரம் கூடக்கூட ஒரே அளவுள்ள குறையின் எதிரொலி சிறுத்துக்கொண்டே போகும். அதைச் சமன்செய்யத்தான் டி.ஏ.சி. (தூரத்துக்கு எதிரொலி உயரம்) வளைவு. 3 மி.மீ. விட்டத்தில் பக்கவாட்டில் துளையிட்ட பிளாக்கை எடுத்து, வெவ்வேறு ஆழத் துளைகளின் உச்ச எதிரொலிகளை ஒரே கெயினில் (கருவியின் பெருக்க அளவு) புள்ளியிட்டு இணையுங்கள். மிக உயர்ந்த எதிரொலியைத் திரையில் 80 சதவீதத்தில் வைத்துத் தொடங்குவது வழக்கம்.

அப்புறம் டிரான்ஸ்ஃபர் திருத்தம். பிளாக்கின் பரப்பு வழவழப்பு. உங்கள் பிளேட் அப்படி இருக்காது. ஒரே மாதிரியான இரண்டு புரோப்புகளை எதிரெதிரே வைத்து, ஒன்று அனுப்ப மற்றொன்று வாங்கும்படி பிளாக்கிலும் பிளேட்டிலும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். 2 டெசிபெல் வரை விட்டுவிடலாம். அதற்கு மேல் 12 வரை கெயினில் சேர்க்க வேண்டும். 12-ஐத் தாண்டினால் கெயினைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள்; பரப்பில் ஏதோ கோளாறு, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் தவறு எப்போதும் ஆபத்தான பக்கமே போகும். கரடான பரப்பில் பெரிய குறையும் சின்னதாகத் தெரிந்து பாஸ் ஆகிவிடும்.

வேலை தொடங்கும்போது, குறைந்தது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, முடிக்கும்போது என்று கேலிபரேஷனைத் திரும்பப் பாருங்கள். விதி அனுமதிக்கும் அளவைத் தாண்டி நகர்ந்திருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த நேரத்துக்குப் பிறகு பார்த்தது அத்தனையையும் மறுபடி பார்க்க வேண்டும். அந்தத் தலைவலிக்குப் பயந்தே நான் விதி சொல்வதைவிட அடிக்கடி பிளாக்கில் வைத்துப் பார்த்துவிடுவேன்.

8. 0 டிகிரியில் பிளேட்டைத் துழாவுங்கள்

கோண புரோப் போகப்போகும் பாதை முழுவதையும் முதலில் நேர் புரோப்பால் பாருங்கள். இரண்டு காரணம். கனத்தை உண்மையாக அளந்துகொள்ளலாம்; வரைபடம் 20 என்றாலும் பிளேட் 20.6 இருக்கலாம். அதைவிட முக்கியம், பிளேட்டுக்குள் லேமினேஷன் (பரப்புக்கு இணையான பிளவு) இருந்தால் கோண பீம் அடிப்பரப்புவரை போகாமல் அதில் பட்டுத் திரும்பும். நீங்கள் இரண்டாம் கால் என்று நினைத்துக் கணக்குப் போடுவீர்கள்; பீமோ பாதி ஆழத்திலேயே மேலேறியிருக்கும். வெல்டின் ஒரு பகுதிக்கு ஒலியே போய்ச் சேராது.

லேமினேஷன் கண்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அந்த நீளத்துக்கு மறுபக்கத்திலிருந்தோ வேறு கோணத்திலோ மூட முடியுமா என்று யோசியுங்கள்.

9. ரூட்: இங்கே நேரம் செலவழியுங்கள்

நடுக்கோட்டிலிருந்து அரை ஸ்கிப் தூரத்தில் ஒரு கோடு போட்டு, புரோப்பின் பின்பக்கத்தை ஒட்டிக் காந்தப் பட்டையோ ஸ்கேலோ பொருத்துங்கள். புரோப் அதை உரசிக்கொண்டு நேராக ஓடட்டும். கையை மட்டும் நம்பி ஓட்டினால் தூரம் 2, 3 மி.மீ. ஆடும், ரூட்டில் பிரித்தறிய வேண்டிய வித்தியாசமே அவ்வளவுதான்.

70 டிகிரி புரோப்புக்கு நம் பிளேட்டில் அரை ஸ்கிப் பீம் தூரம் 58.5 மி.மீ. திரையில் அந்த எண்ணில் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஊடுருவிய ரூட்டில் அடியில் துருத்தும் பீடு குறிக்குச் சற்று அப்பால் எதிரொலி தரும், ஏனென்றால் அது அடிப்பரப்பையும் தாண்டிக் கீழே இருக்கிறது. நீளவாக்கில் ஓட்டும்போது அது கூடிக் குறைந்து ஆடிக்கொண்டே வரும். ஊடுருவாத ரூட் சரியாகக் குறியிலோ அதற்குச் சற்று முன்னரோ உயரமாக, அசையாமல் நிற்கும். கூடவே, வழக்கமான பீடு எதிரொலி மறைந்திருக்கும். ரூட் உள்வாங்கியிருந்தால் குறிக்கு முன்னால், உயரம் குறைந்து வரும்.

"எதிரொலி உயரமாக இருக்கிறதா" என்று மட்டும் பார்த்தால் நல்ல பீடையே குறை என்று எழுதிவிடுவீர்கள். பீடு எதிரொலி எங்கே காணாமல் போகிறது என்று பாருங்கள். ரூட்டில் இல்லாமைதான் பல சமயம் பெரிய தகவல்.

இரு பக்கமிருந்தும் ஓட்டி, இரண்டு முடிவையும் ஒரே தாளில் குறியுங்கள். பீடு என்றால் இரு பக்கமிருந்தும் எதிரொலியின் இடம் நடுக்கோட்டைத் தாண்டி அப்புறம் விழும். ஊடுருவாத விளிம்பு என்றால் அந்தந்தப் பக்கத்திலேயே, நடுக்கோட்டுக்கு முன்னாலேயே விழும்.

10. வெல்டின் உடல்

இப்போது 60 டிகிரி. அரை ஸ்கிப்பிலிருந்து முழு ஸ்கிப்பைக் கொஞ்சம் தாண்டும்வரை முன்னும் பின்னும் கோலம் போடுவது போல நகர்த்துங்கள், கூடவே புரோப்பை லேசாக இடவலம் திருப்பிக்கொண்டே. குறை வெல்டுக்குச் சரியாக இணையாகக் கிடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதன் மேல் புரோப் அகலத்தில் பத்தில் ஒரு பங்காவது ஏற வேண்டும். வேகம் நொடிக்கு 150 மி.மீ.க்குள்.

தேடும்போது கெயினை 6 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கூட்டி வைப்பது வழக்கம். மதிப்பிடும்போது அதைக் கழித்துவிட்டு மேற்கோள் அளவுக்கு (டி.ஏ.சி. வரைந்த கெயினுக்கு) திரும்ப வேண்டும். கழிக்க மறந்து நல்ல வெல்டைத் தோண்டியெடுத்த கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

குறுக்கு விரிசலையும் மறக்காதீர்கள். இதுவரை சொன்ன எந்த ஓட்டமும் அதைப் பிடிக்காது. கேப் தட்டையாக இருந்தால் வெல்டின் மேலேயே நீளவாக்கில் ஓட்டுங்கள்; இல்லையென்றால் வெல்டை ஒட்டிப் புரோப்பைச் சாய்த்து இரு திசையிலும்.

11. இடத்தைத் தாளில் குத்துவது

எதிரொலியை உச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு எண்களை எடுங்கள்: திரையில் பீம் தூரம், ஸ்கேலில் பீம் வெளிவரும் புள்ளிக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். பிறகு கணக்கு. தரைத் தூரம் = பீம் தூரம் × சைன் கோணம். முதல் காலில் ஆழம் = பீம் தூரம் × காஸ் கோணம். இரண்டாம் காலில் ஆழம் = 2 × கனம் கழித்தல் அதே பெருக்கல்.

உதாரணம்: அளந்த கோணம் 60, பீம் தூரம் 64 மி.மீ., புள்ளி நடுக்கோட்டிலிருந்து 63 மி.மீ.யில். காஸ் பெருக்கல் 32, அது 20-ஐத் தாண்டியதால் இரண்டாம் கால். ஆழம் 40 கழித்தல் 32, அதாவது 8 மி.மீ. தரைத் தூரம் 55.4. ஆக, எதிரொலி நடுக்கோட்டுக்கு 7.6 மி.மீ. இந்தப் பக்கம் இருக்கிறது.

அந்த ஆழத்தில் பக்கச்சுவர் எங்கே? அடியிலிருந்து 12 மி.மீ. உயரம். ரூட் இடைவெளியில் பாதி 1.5, சரிவால் வருவது 6.9, மொத்தம் 8.4 மி.மீ. எதிரொலி சுவரிலிருந்து 1 மி.மீ.க்குள். இப்போதுதான் "பக்கச்சுவர் ஒட்டவில்லையோ" என்று சந்தேகப்பட உங்களுக்கு உரிமை வருகிறது.

இதைத் திரையின் கணக்குப் பெட்டியை மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள். வெல்டின் குறுக்குவெட்டை முழு அளவில் ஒளிபுகும் தாளில் வரைந்து, பீம் கோட்டை இன்னொரு தாளில் வரைந்து, மேலே வைத்து நகர்த்திப் பாருங்கள். கருவி ஆழத்தைச் சொல்லும். எதிரொலி வெல்டில் விழுகிறதா, பிளேட்டில் விழுகிறதா என்பதைத் தாள்தான் காட்டும்.

12. பெயர் வைக்கும் முன் போலிகளைக் களையுங்கள்

முழு ஸ்கிப்பில் வரும் கேப் எதிரொலிதான் முதல் ஆள். விரலில் கப்ளண்டைத் தொட்டு கேப்பின் மேல் தட்டுங்கள். எதிரொலி துள்ளினால் அது கேப்.

இரண்டாவது கொஞ்சம் தந்திரக்காரன். ரூட் பீடில் மோதும் குறுக்கலை நெட்டலையாக மாறி நேர் மேலே கேப்புக்குப் போய் வரும். திரையில் இது அரை ஸ்கிப்புக்கும் முழு ஸ்கிப்புக்கும் நடுவில், வெல்டின் உடலில் குறை இருப்பது போலவே நிற்கும். இங்கேயும் விரல்தான் வழி: ரூட்டுக்கு நேர் மேலே கேப்பைத் தட்டினால் ஆடும்.

மிஞ்சியதுக்குப் பெயர் வைக்கலாம். புரோப்பை அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டமாக நகர்த்துங்கள். உருண்டையான வாயுத் துளை எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே உயரம் காட்டும். தட்டையான குறை ஒரு திசையில் ஓங்கி நின்று, கொஞ்சம் திரும்பினாலே சட்டென்று விழும். துளைக் கூட்டம் தாழ்ந்த பல முனைகளாக வரும். ஸ்லாக் பல சமயம் கரடுமுரடான ஒற்றை எதிரொலி.

பக்கச்சுவர் ஒட்டாததை மறுபக்கத்திலிருந்து பார்த்து "இல்லை" என்று அடித்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. மேலே சொன்ன குறையை எதிர்ப்பக்கத்திலிருந்து செங்குத்தாகச் சந்திக்க முதல் கால் வேண்டும். அதற்குப் புரோப் கேப்பின் மேல் நிற்க வேண்டும். நிற்க இடமில்லை, எனவே எதிரொலியும் சரியாக வராது. ஒரு பக்கத்தில் மட்டும் ஓங்கி நிற்பது அந்தக் குறையின் அடையாளம், மறுப்பு இல்லை.

13. அளவு

நீளத்துக்கு 6 டெசிபெல் வீழ்ச்சி முறை: எதிரொலி பாதியாகும் இரு முனைகளையும் குறித்து இடையை அளப்பது. பீம் அகலத்தைவிட நீளமான குறைக்குத்தான் இது பொருந்தும். அதைவிடச் சிறிய குறையில் நீங்கள் பீமின் அகலத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள். எந்த வீழ்ச்சி முறை, எந்தப் பதிவு அளவு (எந்த உயரத்துக்கு மேல் எழுத வேண்டும் என்ற வரம்பு) என்பதை ஏற்பு விதி சொல்லும். உங்கள் விருப்பம் இல்லை.

குறையின் உயரத்தைக் கை புரோப்பால் நம்பகமாகச் சொல்வது கடினம். உயரம் கட்டாயம் வேண்டுமென்றால், முனைகளில் சிதறி வரும் அலையின் நேரத்தை அளக்கும் டாஃப்டு (TOFD) முறையைக் கேளுங்கள்.

14. பொருள் மாறினால்

ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டுக்கு இதே ஏற்பாட்டோடு போகாதீர்கள். காந்தத் துகள் அங்கே வேலை செய்யாது, பெனட்ரன்ட்தான் (விரிசலில் ஊறும் சாயச் சோதனை). வெல்டுக்குள் நீண்டு பெருத்த மணிகள் குறுக்கலையைச் சிதறடித்துப் பீமை வளைத்துவிடும். 2 மெகாஹெர்ட்ஸ் அளவில் இரட்டைக் கிறிஸ்டல் (ஒன்று அனுப்ப, மற்றொன்று வாங்கும்) கோண நெட்டலை புரோப் வேண்டும். அடியில் மோதினால் நெட்டலை பெருமளவு உருமாறிவிடும் என்பதால் இரண்டாம் காலை நம்ப முடியாது. முதல் காலோடு சரி. அதே முறையில் வெல்டு போட்டு, தெரிந்த குறைகளை வைத்த மாதிரித் துண்டு இல்லாமல் தொடங்கவே கூடாது. இதற்கென்று ஐ.எஸ்.ஓ. 22825 தனியாக இருக்கிறது.

கார்பன் ஃபைபர் கலப்புப் பொருளில் கணக்கு வேறு. குறைகள் பெரும்பாலும் அடுக்குப் பிரிவுகள், பரப்புக்கு இணையாகக் கிடப்பவை. ஆகவே 0 டிகிரி போதும். வேகம் கனத்தின் வழியே நொடிக்கு 3,000 மீட்டர் பக்கம், ஃபைபர் வரிசையைப் பொறுத்து மாறும். பின்சுவர் எதிரொலியின் மேல் கண் வையுங்கள். நடுவில் புதிய எதிரொலியே இல்லாமல் பின்சுவர் மட்டும் தாழ்ந்தால் துளைகள் பரவியிருக்க வாய்ப்புண்டு. அடிபட்ட இடத்தில் மேலே சின்னக் கீறல்தான் தெரியும். சேதம் உள்ளே போகப்போக அகன்றிருக்கும், எனவே கீறலைச் சுற்றித் தாராளமாகத் துழாவுங்கள்.

15. ரிப்போர்ட்

வெல்டு எண், கனம், பொருள், பரப்பின் நிலை, கருவி, ஒவ்வொரு புரோப்பின் வரிசை எண்ணும் அளந்த கோணமும், கப்ளண்ட், மேற்கோள் கெயின், டிரான்ஸ்ஃபர் திருத்தம், கேலிபரேஷன் பார்த்த நேரங்கள். ஒவ்வொரு குறைக்கும் தொடக்கப் புள்ளியிலிருந்து தூரம், நீளம், ஆழம், நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம், டி.ஏ.சி.யோடு ஒப்பிட்ட உயரம், எந்தப் புரோப் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது. குறுக்குவெட்டுப் படத்தையும் இணையுங்கள்.

"குறை இல்லை" என்று எழுதாதீர்கள். "பதிவு அளவைத் தாண்டிய எதிரொலி இல்லை" என்பதுதான் நீங்கள் உண்மையில் பார்த்தது. பார்க்க முடியாமல் போன இடங்களையும் எழுதுங்கள்: ஒரு பக்கம் அணுக முடியாத நீளம், லேமினேஷன் மறைத்த பகுதி, கேப் தடுத்ததால் விட்ட 45 டிகிரி ஓட்டம். கையெழுத்துக்குமுன் அந்தப் பட்டியலைப் பிளேட்டில் இருக்கும் சாக்பீஸ் குறிகளோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள், குறிகள் அழிவதற்கு முன்பாகவே.